நன்றிக்கு நன்றி சொன்ன நாடு

ஏழு ஆறுகளில் ஆறு வற்றிப்போன பின்பும் ஏழாறு என்றே பெயரை வைத்துக்கொண்டிருந்த ஒரு நாடு நமக்கு வெகு தொலைவில் இருந்தது. எவ்வளவு தொலைவு என்று கேட்காதீர்கள். அங்கே நடந்தது எதுவும் இங்கே நடப்பதில்லை என்று தைரியமாகச் சொல்லும் அளவுக்குத் தொலைவு.

அந்த நாட்டில் முன்பெல்லாம் அரிசிக்கும் மருந்துக்கும் அதிகாரிகள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். எந்தத் தெரு, யார் வீட்டு ஆள், போன தடவை யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பேனா மூடி திறக்கும். பிறகு ஒரு சர்வர் வந்தது. குளிரூட்டிய அறைக்குள் பீரோ உயரத்துக்கு நின்றுகொண்டு பச்சை விளக்குகளைச் சிமிட்டியது. யாருக்கு என்ன சேர வேண்டும் என்று கேட்டால் உடனே சொன்னது. முறைக்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை, சாப்பாட்டு வேளை என்று எழுந்து போகவில்லை. ஏழாற்று மக்கள் நல்ல மனதுக்காரர்கள். அரிசியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது சர்வர் அறை இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

இந்தக் கும்பிடு விஷயம் நாட்டை ஆண்ட பெருமகனாரின் காதுக்குப் போனது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அமைச்சரவை அவசரமாகக் கூடியது.

"மக்களின் நன்றி முகவரி தவறிப் போய்க்கொண்டிருக்கிறது" என்றார் நன்றியறிதல் துறை அமைச்சர் தாண்டவராயர். அந்தத் துறை அன்று காலையில்தான் உருவாகியிருந்தது. "அதை உரியவரிடம் சேர்ப்பதே இவ்வரசின் தலையாய கடமை."

முதல் ஆணை பிறந்தது. எதைப் பெற்றாலும் பெருமகனாருக்கு ஒரு நன்றியைச் சர்வரிலேயே பதிய வேண்டும். பதியாதவருக்கு அடுத்த மாதம் ஒன்றும் கிடையாது. ஒற்றைச் சொல் நன்றி கஞ்சத்தனமாகத் தெரிந்ததால் இரண்டாவது ஆணை வந்தது. கைகூப்பிய நிலையில், முகமலர்ச்சியோடு படமும் சேர்த்து அனுப்ப வேண்டும். மலர்ச்சி போதாது என்று பல படங்கள் திரும்பி வந்தன. அரிசி தீர்ந்த வீடுகளில் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினார்கள்.

பெருமகனார் மரியாதை தெரிந்தவர். ஒவ்வொருவருக்கும் பதில் போக வேண்டும் என்றார். "உங்கள் நன்றிக்கு நன்றி" என்று அவர் படத்தோடு சர்வரே பதில் அனுப்பியது. அப்படிப்பட்டவரின் பதிலை வாங்கிக்கொண்டு மக்கள் சும்மா இருப்பது அழகா என்று தாண்டவராயர் வருந்தினார். ஆகவே அந்தப் பதிலுக்கும் மக்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்றாவது ஆணை.

சர்வரைக் கவனித்துக்கொண்டவர் தேவகுஞ்சரி. தலைமை சர்வர் காப்பாளர் என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டியிருந்தார். தினமும் அதை அவரே துடைப்பார். கொஞ்சம் பெருமைக்காரர், ஆனால் இளகிய மனசு. வயதானவர்கள் கைபேசியில் எழுத்தைத் தேடித் தேடித் தடவுவதைப் பார்க்கப் பொறுக்காமல், மக்களின் கைபேசிகள் தாமாகவே நன்றி சொல்லும்படி ஓர் ஏற்பாடு செய்தார். நாடே அவரை வாழ்த்தியது. ஆனால் பெருமகனாரின் பதிலும் தானாகத்தான் போகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

வாசலில் இரண்டு மரியாதைக்காரர்கள் "நீங்க போங்க", "இல்ல, நீங்க மொதல்ல போங்க" என்று நின்றுகொண்டே இருப்பார்களே, அந்த நிலைதான். கைபேசி நன்றி சொன்னது. சர்வர் நன்றிக்கு நன்றி சொன்னது. கைபேசி அதற்கு நன்றி சொன்னது. இரண்டில் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி வீட்டுக்கு வீடு நடந்தது. சர்வர் முதலில் திணறியது, பிறகு படுத்துக்கொண்டது.

நகரின் மேற்குத் தெருவில் இருளாயி என்பவர் இருந்தார். அவர் கணவர் காத்தமுத்து வெள்ளையடிக்கும் தொழிலாளி. அவருக்கு வலிப்பு நோய். தினமும் மாத்திரை போட்டால் ஏணியில் ஏறி வேலை செய்வார். விட்டுப்போனால் நின்ற இடத்தில் விழுவார். ஒருமுறை அடுப்பின் மேலேயே விழுந்து தோள் வெந்துபோனது. அந்த மாத்திரையை அரசு மருந்தகம்தான் கொடுக்கும். சர்வர் சரி என்றால்தான் மருந்தகம் கொடுக்கும்.

"சர்வர் டவுனும்மா. நாளைக்கு வாங்க" என்றார் மருந்தகத்துச் சவரிராயன்.

"நேத்தும் இதத்தானய்யா சொன்னீக."

"நேத்தும் டவுன்தாம்மா."

சர்வரை எழுப்ப அரசு சும்மா இருக்கவில்லை. பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். சர்வரின் நான்கு கால்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு மறுதொடக்க விழா என்று பந்தல் போட்டு, தாண்டவராயர் தம் கையாலேயே பொத்தானை அமுக்கினார். சர்வர் எழுந்தது. எழுப்பிக் கொடுத்ததற்காக நாட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் நன்றி சொன்னதும் திரும்பப் படுத்துக்கொண்டது.

தேவகுஞ்சரி உள்ளே ஆராய்ந்து பார்த்துவிட்டு அமைச்சரிடம் போனார்.

"சர்வரோட வட்டுல எடமே இல்லாம நெறஞ்சு போச்சுங்கய்யா. அரிசியும் மருந்தும் ஒரு மூலையில கெடக்கு. மிச்சம் பூரா நன்றிதான். பழசை அழிச்சிட்டு, ரெண்டு பக்கமும் தானா பதில் போறத நிறுத்திட்டா சரியாயிடும்."

தாண்டவராயர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நன்றியை அழிப்பதா? இந்த நாட்டின் வரலாற்றில் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து உச்சரித்த முதல் ஆள் நீங்கள்தான்."

நன்றியை அழிப்பது தேசத்துரோகம் என்று மாலைக்குள் நான்காவது ஆணை வந்துவிட்டது. இடம் வேண்டுமானால் நன்றி அல்லாதவற்றை அகற்றலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். எதை அகற்றுவது என்று ஒரு குழு கூடி ஆராய்ந்தது. இத்தனை நன்றி சொல்லுகிற ஒருவருக்கு இனி ஒரு குறை இருக்க முடியாது என்று கண்டுபிடித்தது. நிறைய நன்றி சொன்ன நோயாளிகளின் பெயர்கள் எல்லாம் குணமானவர்கள் என்று நீக்கப்பட்டன.

அடுத்த முறை இருளாயி போனபோது அதிசயமாகச் சர்வர் வேலை செய்தது. சவரிராயன் திரையைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"ஒங்க நன்றி இருக்கும்மா. அவரு பேருதான் இல்ல."

"பேரில்லாட்டி என்னய்யா, ஆளு இருக்காரே?"

"ஆளக் கேட்டு நான் குடுக்க முடியாதும்மா" என்றார் அவர். சொல்லும்போது தலை நிமிரவில்லை.

இருளாயி வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சர்வர் அறைக்கு வந்து பித்தளைப் பலகைக்குக் கீழே நின்றார். கையில் மாத்திரை அட்டை இருந்தது. அதில் பெரும்பாலும் கிழிந்த குழிகள்தான்.

"இது முடிஞ்சா அவரு விழுந்துருவாருங்கம்மா. ஏணியில இருந்து விழுவாரோ, அடுப்புல விழுவாரோ. சாமி சத்தியமா நாங்க யாரையும் குத்தம் சொல்லல. அந்த நன்றிய வேணா எடுத்துக்கங்க. பேர மட்டும் போட்டுக் குடுங்க."

தேவகுஞ்சரி அட்டையை வாங்கிப் பார்த்தார். தாமாகவே நன்றி சொல்லும்படி செய்தது அவர் கைதான். அந்த நன்றிகள்தான் இந்த மனிதரைக் குணப்படுத்திக் கணக்கை முடித்திருக்கின்றன. பெயரை இப்போதே போட்டுவிடலாம், ஆனால் மறுபடி சர்வர் நிறைந்ததும் குழு மறுபடி நீக்கிவிடும். அவர் திரும்பவும் அமைச்சரிடம் போனார்.

"அழிக்க வேணாங்கய்யா. பெருமகனாருக்கு வந்த நன்றி, அரிசி மூட்டைக் கணக்கோட சேந்து கெடக்கறது எனக்கே மனசுக்குச் சங்கடமா இருக்கு. அரண்மனை சர்வருக்குக் கொண்டுபோயிரலாம். இனிமே வர்றதும் அங்கயே வரட்டும், பதிலும் அங்கேருந்தே போகட்டும்."

தாண்டவராயரின் முகம் ஆணையில் படத்துக்குக் கேட்ட அளவுக்கு மலர்ந்தது.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேங்கய்யா. அது சின்ன சர்வர். அரண்மனைக் கதவு, ஆணைப் பதிவு எல்லாம் அதுலதான் ஓடுது. எடம் பத்தாமப் போகலாம்."

"பெருமகனாரின் நன்றிக்குப் பெருமகனாரின் இல்லத்தில் இடமில்லை என்று எழுதிக் கையெழுத்திடுவீர்களா?"

"மாட்டேங்கய்யா."

"பிறகென்ன, கொண்டுபோங்கள்."

நன்றி வருகை விழா அரண்மனைக்குள் நடந்தது. பெருமகனாரும் அமைச்சரவை முழுவதும் உள்ளே இருந்தார்கள். நன்றிகள் அரண்மனைக்குப் போகப் போக, மக்கள் சர்வரில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. தேவகுஞ்சரி தொழில் பழக்கத்தால் எதற்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பவர். நீக்கிய பெயர்களை அதிலிருந்து திரும்பப் போட்டார். இருளாயி மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சவரிராயன் முன்னாலேயே அழுதுவிட்டுப் போனார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அரண்மனையில் விழா முடிந்து கதவைத் திறக்கச் சொன்னார்கள். கதவு சர்வரைக் கேட்டது. சர்வர் நன்றிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. கதவை உடைக்க ஓர் ஆணை போட்டார் பெருமகனார். ஆணை செல்ல வேண்டுமானால் சர்வரில் பதிவாக வேண்டும். அது நன்றிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நன்றியை அழிக்கலாமே என்றால் அது தேசத்துரோகம். அந்தச் சட்டத்தைத் திருத்த ஓர் ஆணை போட்டார்கள், அதுவும் வரிசையில் போய் நின்றது. பதிவாகாத ஆணையை நம்பிக் கதவில் கைவைக்க ஏழாற்றில் ஒருவரும் துணியவில்லை. மக்கள் மதிலுக்கு மேலே கயிறு கட்டிக் கூடையில் சோறும் குழம்பும் அனுப்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாப்பாடாகவே அனுப்பினார்கள்.

அதன் பிறகு ஏழாற்றில் புதிய ஆணை ஒன்றும் வரவில்லை. நன்றிக் கணக்கு அரண்மனைக்குப் போய்விட்டதால் மக்கள் சர்வர் அதைக் கேட்கவில்லை, அரிசி அந்தந்தத் தேதியில் கிடைத்தது. படத்துக்காக யாரும் சிரிக்கவில்லை, ஆனால் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மக்களுக்கு நிஜமாகவே நன்றி பொங்கியது. அதைப் பதிய ஓர் இடமும் இல்லாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தேர்தல் வந்தது. எதிர்க்கட்சி "அரண்மனைக் கதவைத் திறப்போம்" என்று ஊர் ஊராக வாக்குறுதி கொடுத்தது. எல்லாத் தொகுதியிலும் அதற்கு டெபாசிட் போனது. நாடு இதுவரை காணாத பெரும்பான்மையில் பெருமகனார் மீண்டும் வென்றார். வெற்றிச் செய்தி அவருக்கு அனுப்பப்பட்டு இன்றைக்கும் வரிசையில் நிற்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த நிருபர் ஒருவருக்கு இது விளங்கவில்லை. வாக்குச்சாவடிக்கு வெளியே இருளாயியை நிறுத்தி, மருந்தைப் பறித்தவருக்கா ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார். எதிர்ச் சுவரில் ஏணி மேல் நின்று காத்தமுத்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா, அவருக்குத்தான் போட்டேன்" என்றார் இருளாயி. "மகராசன் நல்லாருக்கட்டும். அங்கனயே இருக்கட்டும்."