ஸ்கொட்லாந்துக்காரருக்கு ஒரு கல்வெட்டு

2019 மே 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10க்கு எழுந்தேன். ஒரு கோப்பை வெந்நீர், இரத்த அழுத்தக் குளிசை ஒன்று, இரண்டு துண்டு பாண். 7.05க்கு பழைய பத்திரிகைகளை நீலப் பெட்டியில் போட்டேன். 7.30க்கு கறுப்புக் காற்சட்டையை அயன் பண்ணினேன். எல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே, "11.30, ஸ்கொட்லாந்துக்காரரின் முப்பத்தோராம் நாள். ஏழு பேர் வரலாம்" என்று எழுதியிருக்கிறேன். என் கணிப்பு இவ்வளவு மோசமாகப் பிழைத்த நாள் வேறு கிடையாது.

ரொறன்ரோவில் செத்த தமிழர்களில் பாதிப்பேரை நல்லவர்களாக்கிய பெருமை கல்வெட்டண்ணை ஒருவரையே சேரும். மற்றப் பாதிப்பேர் வேறு ஆட்களிடம் எழுதுவித்தவர்கள். அவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைக்க வேண்டாம். எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்காரர் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முன்பக்கத்தில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, அதன் பிறகு பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மூலையில் இருக்கும் அச்சகத்தில் நான் அவற்றுக்குப் பிழை திருத்துகிறேன். வரலாற்றையும் பாட்டையும் எழுதிக் கொடுப்பவர் கல்வெட்டண்ணை. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய சுகாதார அட்டைக்கு மட்டும் தெரியும்.

வயது அறுபத்தெட்டு. கலியாணம் செய்யவில்லை. அகதியாக வந்து இறங்கிய பார்க்டேலில், அதே கட்டிடத்தில், அதே அறையில் இன்னும் இருந்தார். அவரோடு வந்தவர்கள் ஸ்காபரோவுக்குப் போய், மார்க்கத்துக்குப் போய், இப்போது ஸ்ரௌவ்வில் வரை போய்விட்டார்கள். அண்ணை மட்டும் ஸ்ரீற்கார், சப்வே, பஸ் என்று ஒன்றே முக்கால் மணிநேரம் பயணம் செய்து எங்கள் கடைக்கு வருவார். எந்தப் பருவத்திலும் கழுத்தில் ரை, காலில் பனிச் சப்பாத்து. "வெயிலை எப்பவும் நம்பலாம் தம்பி, இந்த ஊர்ப் பனியை நம்பேலாது," என்பார், ஜூலை மாதத்தில்.

பொய் எழுத மாட்டார். அதுதான் அவருடைய தொழில் தர்மம். செத்த வீட்டுக்குப் போய் நாற்பது கேள்வி கேட்பார். பதிலில் இருந்து உண்மையைக் கெடாமல் எடுத்து, மெல்லத் திருப்பி வைப்பார். ஊரோடு சண்டை பிடித்தவர் "நெஞ்சில் பட்டதை ஒளிக்காதவர்" ஆவார். தினமும் தண்ணி போட்டவர் "மாலை வேளைகளில் நண்பர் சூழ இருந்தவர்". ஐம்பது வருடமாக ஒரே சேர்ட்டைப் போட்ட கஞ்சர் "எளிமையைக் கடைசி மூச்சுவரை கைவிடாதவர்". ஒரு முறை ஸ்ரௌவ்விலில் உயிரோடு இருந்த ஒருவர் தன்னுடைய கல்வெட்டை முன்கூட்டியே எழுதுவித்தார். கடைசித் திகதியை மட்டும் வெறுமையாக விட்டோம். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்து, ஒவ்வொரு வருடமும் வந்து, "அண்ணை, இப்ப யோகாசனமும் செய்யிறன், சேர்த்து விடுங்கோ," என்று திருத்தம் தந்தார்.

இனி ஸ்கொட்லாந்துக்காரர். அவர் கடல் சாகச நாவல்கள் எழுதியவர், கவிஞர். அவருடைய பெயரைச் சொன்னாலும் உங்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவருடைய ஊரிலேயே மறந்துவிட்டார்களாம். கல்வெட்டண்ணை பார்க்டேல் அறைக்கு வந்த முதல் பனிக்காலத்தில், மேசை லாச்சிக்குள், அதாவது இழுப்பறைக்குள், மட்டை கிழிந்த ஒரு நாவல் கிடந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை, வெளியே போகக் கோட்டு இல்லை, நெஞ்சிலே சளி. அகராதி ஒன்றை இரவல் வாங்கி அந்த நாவலை நான்கு முறை வாசித்தார். அவருடைய ஆங்கிலம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். பிறகு கோப்பை கழுவப் போன உணவகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா என்று மனேச்சர் கேட்டபோது, அண்ணை நெஞ்சில் கை வைத்து, உடம்பில் உயிருள்ளவரை நான் உங்கள் ஆள் கப்டன் என்ற பொருளில் நூறு வருடப் பழைய ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். மனேச்சர் பயந்து போய்ப் பதினொரு வருடம் அவருக்கு ஞாயிறு வேலை கொடுத்தார்.

அதன் பிறகு நூலகங்களின் பழைய புத்தக விற்பனைகளில் தேடித் தேடி அந்த மனிதரின் ஒன்பது நாவல்களையும் இரண்டு கவிதைத் தொகுப்புகளையும் சேர்த்தார். வரலாற்றையும் சேர்த்தார். கப்பல் பாய் தைப்பவரின் மகன். நெஞ்சு வருத்தம். கப்பலில் கால் வைக்கக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் இருந்து யன்னலால் கடலைப் பார்த்தபடி ஒன்பது நாவல் எழுதினார். நாற்பத்து மூன்று வயதில், வருத்தத்துக்கு வெயில் நல்லது என்று, முதலும் கடைசியுமாகக் கப்பல் ஏறி மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றுக்குப் போய், அங்கே ஒரு வாடகை அறையில் செத்துப்போனார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வீட்டுக்கார அம்மாதான் புதைத்தார்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் கல்வெட்டண்ணை கடைக்கு வந்து, ஒரு கற்றைத் தாளை என் மேசையில் வைத்தார். ஸ்கொட்லாந்துக்காரரின் கல்வெட்டு. வரலாறு ஆறு பக்கம், பாட்டு பன்னிரண்டு. கூடவே, பத்திரிகைக்கும் கடை யன்னல்களுக்கும் ஓர் அறிவித்தல்: "ஸ்கொட்லாந்தைப் பிறப்பிடமாகவும், மத்தியதரைக் கடல் துறைமுகத்தைக் கடைசி வதிவிடமாகவும், பார்க்டேலில் ஒரு மேசை லாச்சியைத் தற்காலிக முகவரியாகவும் கொண்ட நாவலாசிரியரும் கவிஞருமான அமரர்..."

எங்கள் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"அண்ணை, உவர் எப்ப செத்தவர்?"

"நூற்றிப் பத்து வருசம் இருக்கும்."

"அப்ப முப்பத்தோராம் நாள் எண்டு எப்பிடிப் போடுறது?"

"முப்பத்தோராம் நாளிலை ஒருத்தரும் செய்யேல்லை. அதாலை நாற்பதாயிரமாம் நாள் செய்யிறம். அப்பிடியே போடும்."

"உங்களுக்கு விசரே அண்ணை? ஆர் வருவினம்?"

"அது என்ர பாடு. நீர் அச்சடியும்."

முதலாளி உள்ளே போன பிறகு அண்ணை என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இருபத்திரண்டு வருசமா எழுதிறன் தம்பி. சனம் கடைசிப் பக்கத்தைத்தான் முதல் பார்க்குது, தங்கட பேர் கிடக்கோ எண்டு. பாட்டு வாசிக்கத் தொடங்கினால் சாப்பாட்டு வரிசை தொடங்கிடும். ஒருக்கா, ஒரே ஒருக்கா, நான் எழுதினதை நானே முதல்ல இருந்து கடைசி மட்டும் வாசிக்கோணும். சனம் இருந்து கேட்கோணும். அந்த மனுசனுக்கு அழ ஆளில்லை, எனக்குக் கேட்க ஆளில்லை. ரெண்டும் ஒரே நாளில முடியட்டும்."

என் மனதில் ஏழு பேர் என்று விழுந்துவிட்டது: அவர், நான், முதலாளி, சமையல்காரர், மண்டபத் திறப்புக்காரர், வழி தவறி வரும் இரண்டு பேர்.

மண்டபம் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம். நாற்பது பேருக்குச் சோறும் மீன்குழம்பும் சொல்லியிருந்தார். அன்றைக்கு மரக்கறிதானே வழக்கம் என்று சமையல்காரர் கேட்டதற்கு, "கடல் கதை எழுதினவருக்கு மீன் இல்லாமல் ஏலாது," என்று வாயை அடைத்துவிட்டார். பழைய புத்தகத்தில் இருந்து நான் பெருப்பித்துக் கொடுத்த படம், பெரிய மீசையோடு, மாலை போட்டு மேடையில் இருந்தது. முன்னால் குத்துவிளக்கு.

11.20க்கு முதல் கார் வந்தது. 11.40க்குத் தரிப்பிடம் நிறைந்துவிட்டது. வாசலில் நின்று எண்ணினேன்: நூற்று அறுபத்து மூன்று பேர். அரைவாசிப் பேரின் கையில் இடியப்பம், சொதி, சம்பல் நிறைந்த அலுமினியத் தட்டுகள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று கொண்டு வந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சனம் மரண அறிவித்தலை முழுக்க வாசிப்பதில்லை. மண்டபம், நேரம், தொடர்பு இலக்கம், அவ்வளவுதான். தொடர்பு இலக்கம் கல்வெட்டண்ணையுடையது. அண்ணை வீட்டில் செத்த வீடு என்று செய்தி பரவியிருக்கிறது. எங்கட அப்பாவுக்கு எழுதினவர், எங்கட மாமிக்கு எழுதினவர், அவருடைய துக்கத்துக்குப் போகாமல் விடலாமா என்று எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஸ்ரௌவ்வில் அன்ரி ஒருவர், எண்பது வயது இருக்கும், கணவருக்கு அண்ணையிடம் கல்வெட்டு எழுதுவித்தவர், உள்ளே வந்ததும் அண்ணையின் கையைப் பிடித்து அழத் தொடங்கினார். "ஐயோ தம்பி, தனிச்சுப் போனீரே!"

அண்ணை இவர்கள் ஸ்கொட்லாந்துக்காரருக்காகவே வந்திருக்கிறார்கள் என்று முழுமனதாக நம்பினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "ஓம் அக்கா. கடைசி நேரத்தில பக்கத்தில ஒருத்தரும் இல்லை அக்கா. வீட்டுக்காரிதான் கண்ணை மூடிவிட்டவ."

"ஐயோ, பெத்த பிள்ளையள் இல்லையே?"

"ஒண்டும் இல்லை அக்கா. ஒன்பது நாவல்தான்."

அன்ரி அழுகையை ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அதற்குள் மன்னார்க்காரர் ஒருவர், கூரை போடும் வேலைக்காரர், மேடையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "தம்பி, ஆரப்பா உந்த வெள்ளைக்காரன்?"

பின்னால் நின்ற ஒருவர், "அண்ணையின்ர மருமகனாக்கும்," என்றார்.

"அண்ணை கட்டவே இல்லையே."

"அதுதான் இவ்வளவு நாளும் வெளியில சொல்லேல்லையாக்கும்."

பொய் சொல்ல எனக்கு வராது. மேடைக்குப் போய் அண்ணையின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் அப்போது போன போக்கை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. கையில் பன்னிரண்டு பாட்டு. முன்னால், அவர் ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட சனம். "ஒண்டும் சொல்லாமல் வாசியுங்கோவன் அண்ணை," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே குறுக்கு வழி அது.

"இருபத்திரண்டு வருசம் பொய் எழுதேல்லை. இண்டைக்குத் தொடங்கிறதோ?" என்றார். மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் மன்னிக்கோணும். இவர் எனக்குச் சொந்தமில்லை. இவர் செத்து நூற்றிப் பத்து வருசம். இவரின்ர புத்தகம்தான் எனக்கு முதல் பனிக்காலத்தில துணையா இருந்தது. முப்பத்தோராம் நாள் செய்ய இவருக்கு ஆளில்லை. அதுதான் கூப்பிட்டனான். பிழையா விளங்கி வந்தவை போகலாம். சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு போங்கோ, எனக்குக் கோவமில்லை."

பின்வரிசையில் இரண்டு பேர் எழும்பிக் கார்த் திறப்பைத் தேடினார்கள்.

ஸ்ரௌவ்வில் அன்ரி எழும்பாமலே திரும்பிப் பார்த்தார். "எங்கை போறியள்? இருங்கோ அங்கை! பிந்திப் போச்சு எண்டாப்போல செய்யாமல் விடுறதே? ஆளில்லாதவன்ர செத்த வீட்டுக்கு நாலு பேர் இருக்கோணும்." பிறகு மேடையைப் பார்த்து, "நீர் வாசியும் தம்பி. ஆனால் கெதியா. இடியப்பம் காயுது."

இரண்டு பேரும் இருந்தார்கள்.

கெதியாக நடக்கவில்லை. முதல் இரண்டு பாட்டையும் மரியாதைக்குக் கேட்டார்கள். மூன்றாவது பாட்டில், நாவல் ஒன்றில் வரும் ஒருவன் திசை தெரியாத கடலில் உடைந்த படகோடு தனித்துப் போனான். மன்னார்க்காரர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். ஐந்தாவது பாட்டில், "அண்ணை, பிறகு?" என்று ஒரு குரல். அண்ணை நிறுத்தி, கதையைச் சொல்லி, திரும்பப் பாட்டுக்கு வந்தார். சொதி ஆறியது. வரிசை தொடங்கவில்லை. பன்னிரண்டு பாட்டுக்கும் ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது.

பன்னிரண்டாவது, கடைசி நாவலைப் பற்றியது. அதை ஸ்கொட்லாந்துக்காரர் முடிக்கவில்லை. படகில் பதினான்கு பேர், தண்ணி முடிந்துவிட்டது, தூரத்தில் ஒரு வெளிச்சம். அந்த இடத்தில் அவர் செத்துப்போனார்.

"என்ன காத்து?" என்று மன்னார்க்காரர் எழும்பிக் கேட்டார். "சோளகமோ, வாடையோ?"

"எழுதேல்லை."

"வாடையெண்டால் அந்தக் கரைக்குப் போகேலாது. நேரே வெளியதான் தள்ளும்."

"உமக்கென்ன தெரியும்? நாங்கள் வந்த படகு வாடையிலதான் வந்தது!" என்று இன்னொருவர் பாய்ந்தார். பத்து நிமிடம் மண்டபம் முழுக்கக் காற்றும் நீரோட்டமும்தான். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஓர் இருட்டில் ஏதோ ஒரு படகில் இருந்தவர்கள்.

கடைசியில் அன்ரி கையைத் தூக்கினார். "தம்பி, கரை சேர்ந்தவை எண்டு எழுதிவிடும்."

"இல்லாததை நான் எழுதிறேல்லை அக்கா."

"அப்ப எங்கட மனுசனைப் பொறுமைசாலி எண்டு என்னெண்டு எழுதினீர்?"

"அது கடைசி வருசம் அக்கா. கதைக்க ஏலாமல் கிடந்தவர்."

மண்டபம் சிரித்த சிரிப்பில் குத்துவிளக்கு அணைந்துவிட்டது. அன்ரிதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். 2.25க்குச் சாப்பிடத் தொடங்கினோம். கல்வெட்டண்ணை சாப்பிடவில்லை. சாப்பாட்டைக் கையில் வைத்தபடி ஒவ்வொரு மேசையாகப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. 6.10க்கு எழுந்ததும் முதல் வேலையாக, வெந்நீருக்கும் முன்னால், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து என் அப்பாவின் கல்வெட்டை எடுத்தேன். எட்டு வருடங்களுக்கு முன்னர் கல்வெட்டண்ணை எழுதியது. அதை நான்தான் பிழை திருத்தினேன். எழுத்தெழுத்தாகப் பார்த்தேனே தவிர, ஒரு வரியும் வாசிக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. நான்காவது பாட்டில், மகன் காலை வேலைக்குப் போகுமுன் எழும்பி அவனுடைய சப்பாத்தை ஹீற்றரில் சூடாக்கி வைத்த ஒரு தகப்பன் இருந்தார். நான் அதை அண்ணையிடம் சொன்னதில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. அண்ணை அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கட்டில் விளிம்பில் இருந்து, எல்லாப் பாட்டையும் வாய்விட்டு, கடைசி வரி வரை வாசித்தேன்.