முனகும் போர்க்குழாயும் சாமியாட மறுத்த அக்காவும்

திருப்பூரிலேயே பேய் பயந்து ஒதுங்கிப்போகக்கூடிய ஒரே ஆள் எங்கள் குழாய் அக்காதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு மழை எங்களை மறந்தே போயிருந்த சமயம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டு ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். முற்றத்தில் வற்றிப்போன போர்க்குழாய் ஒன்று நின்றது. உச்சி வெயிலில் அது முனகும். "ஹூ..." என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், கூடவே சாயத்தண்ணீர் நாற்றத்தோடு காற்று. மீசை வைத்த ஆண்கள் எல்லாம் அந்நேரம் சந்து வழியாகச் சுற்றிப் போவார்கள். எனக்கும் மீசை உண்டு, நானும் சுற்றினேன்.

அக்கா மட்டும் அந்தக் குழாயில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருப்பார். நெல்லைப் பக்கத்துக்காரர், எங்கள் கம்பெனியில் டைலர், அதே லைனில்தான் குடியிருந்தார்.

"அக்கா, என்னங்க சொல்லுது?"

"தாகமா இருக்காம். சத்தம் போடாதடே."

நான் சந்துப் பக்கம் நழுவிவிடுவேன்.

ஒரு ஞாயிறு மதியம் தண்ணீர்ப் பிரச்சினைக்காக வீட்டுச் சொந்தக்காரர் முற்றத்தில் கூட்டம் போட்டார். வழக்கம்போல ஆண்கள் மட்டும். பெண்கள் வாசலோடு சரி. இன்னும் ஆழமாகப் போர் போடுவது என்று முடிவாகிற நேரத்தில், அக்கா விறுவிறுவென்று வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நொடியில் குழாய் முனகியது, என்றைக்கும் இல்லாத நீளத்துக்கு.

வீட்டுக்காரர் பதறி எழுந்து கும்பிட்டார். "சாமி வந்திருச்சுங்க! எலுமிச்சம்பழம் கொண்டாங்க! தாயீ, தண்ணி எங்க இருக்குதுங்க?"

"சாமியுமில்ல, பூதமுமில்ல. நான்தான் பேசுதேன்."

"அட, அம்மிணிதானா? அப்ப ஊட்டுக்குப் போங்க. நாங்க பேசிக்கிறோம்."

வாசலில் நின்ற பெண்கள் தவித்துப்போனார்கள். "அக்கா, சும்மா ஒரு ஆட்டம் ஆடிருங்க!" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"ஆட மாட்டேன்" என்றார் அக்கா. "சாமி வந்தாத்தான் பொம்பள சொல்லு காதுல ஏறுமோ? தண்ணி லாரிக்காக ஷிப்டை விட்டுட்டு நிக்கது நாங்க. மழையும் முன்ன மாதிரி இல்ல, பெஞ்சா ஒரேயடியாக் கொட்டிட்டுப் போயிருது. அந்தத் தண்ணியக் கூரையிலேருந்து இந்தக் குழாய்க்குள்ள இறக்குங்க. இன்னும் எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டுவீய?"

முனகல் சட்டென்று நின்றது. யாரோ உள்ளேயிருந்து பதிலுக்குக் காத்திருப்பது போலிருந்தது.

வீட்டுக்காரர் மெல்ல உட்கார்ந்தார். "செரிங்க. எப்படி இறக்கோணும்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா உடனே சொல்லிவிடவில்லை. வாசல்களைப் பார்த்து, "எல்லாரும் வந்து உக்காருங்கட்டி" என்றார். நாற்காலிகள் போதவில்லை. முதலில் எழுந்து இடம் கொடுத்தவன் நான்தான். எனக்கு அந்த அக்காவை அவ்வளவு பிடிக்கும்.