பிஸ்கட் டப்பாவும் அம்மாவின் பல்லும்

பாயான் பாரு,
ஏப்ரல் 12

அன்புள்ள தங்கச்சி தனுஜாவுக்கு,

அண்ணன் அர்ஜுனன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி துளசியும் அம்மாவும் சுகம். அங்கே பிறை ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்த உதவியைக் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு ஜனவரி முதல் தேதி, காலை எட்டரை மணிக்கு, இனி எந்த ரசீதையும் தூக்கிப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதைச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று அறிவித்தேன். துளசியின் ஊசி நூல் இருந்த பிஸ்கட் டப்பா அன்றே காலி செய்யப்பட்டது. காரணம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் என் வருமான வரி படிவத்தை ஆபீஸ் கிளார்க் காமாரியாதான் நிரப்பித் தந்தாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் "ரசீது எங்கே அங்கிள்?" என்று கேட்பாள், நான் கூரையைப் பார்ப்பேன். அதற்கு முந்தின டிசம்பரோடு ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்ததும், ரசீது காட்டினால் தருகிற வரிக் கழிவு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டு, வருகிற ரீஃபண்டில் துளசியை லங்காவித் தீவுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தேன். கல்யாணமான நாளாக அவள் கேட்கிற லங்காவி.

அதன் பிறகு நான் செலவு செய்யவில்லை தங்கச்சி, கழிவு சேர்த்தேன். புத்தகத்துக்குக் கழிவு உண்டு என்பதால் அகராதி மூன்று வாங்கினேன். விளையாட்டுச் சாமானுக்கு உண்டு என்பதால் பேட்மிண்டன் ராக்கெட் இரண்டு. "யாருலா விளையாடப் போறது? உங்க முட்டியா?" என்று துளசி கேட்டாள். விளையாட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று விளக்கினேன். தேங்காய் ரசீதையும் டப்பாவில் போட்டேன். தேங்காய்க்குக் கழிவு கிடையாதென்றாள். அரசாங்கம் மனசு மாறினால்?

மே மாதம் அம்மாவுக்குப் பல் செட் கட்டிய விஷயத்தில் உனக்கு என் மேல் கோபம். நீ சனிக்கிழமைக்கு உங்கள் ஊர்ப் பல் கிளினிக்கில் முன்னூறு வெள்ளி முன்பணம் கட்டி வைத்திருந்தாய், நான் வியாழக்கிழமையே அம்மாவை ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போய் அளவெடுக்க வைத்துவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். பெற்றவர்களின் வைத்தியத்துக்குக் கழிவு பெரிசு, ரசீது யார் கையிலோ அவருக்குத்தான் கழிவு. ஆனால் நீயும் சும்மா இருந்தாயா? முன்பணம் வீணாகிறது என்று சனிக்கிழமை வந்து அம்மாவை அள்ளிக்கொண்டு போய் இன்னொரு செட் கட்டினாய். "ஒரு வாய்க்கு எத்தனை பல்லுடா கட்டுவீங்க?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

ஆகஸ்டில் டப்பாவைத் திறந்தால் ரசீதெல்லாம் வெளுத்துக்கொண்டு வருகிறது. சட்டப்படி ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டிய காகிதம் ஏழு மாசம் தாங்கவில்லை. உடனே ஜாஹிர் போட்டோஸ்டேட் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் பண்ணு என்றேன். "அண்ணே, இந்தப் பேப்பரு சூடு தாங்காது அண்ணே" என்றான். யாரிடம் சொல்கிறான்? "தம்பி, ஃபேக்டரியில அடுப்பு செக்‌ஷன் சூப்பர்வைசரா இருந்தவன் நானு, எனக்கு சூட்டப் பத்தி சொல்லாத, நிறுத்தாம போடு"ன்னுட்டு எதிர்க்கடைக்கு தே தாரிக் குடிக்கப் போனேன். ஒரு கிளாஸ்தான் குடித்தேன், சரி, ரெண்டு. திரும்பி வந்தால் இருநூற்றுப் பதினாலு ரசீது, அத்தனையும் பளபளவென்று, ஓரம் சீவி, கரிக்கட்டையாய்க் கருப்பு. ஒரு எழுத்து இல்லை. "என்னடா இது?" "நீங்கதானே அண்ணே நிறுத்தாதன்னீங்க." ஒன்றுக்கு எழுபது காசு வீதம் கட்டிவிட்டு வந்தேன். எது ராக்கெட், எது தேங்காய் என்று கண்டுபிடிக்க வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். அம்மா பல் ரசீதும் அதில்தான் போச்சு. நகல் கேட்கலாமென்றால் அந்த டாக்டர் ஜூலையிலேயே கிளினிக்கை மூடிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டார்.

இப்போது உலகத்தில் மிஞ்சியிருப்பது உன் கையிலுள்ள ஒரே ரசீது. உங்கள் டாக்டர் பேனாவால் எழுதித் தருகிறவர், மகராசன். அதை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேள் தங்கச்சி. நீ டீச்சர், கேட்டால் மறுக்க மாட்டார். துளசி போன வாரமே லங்காவிக்கென்று பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் படித்து, சொந்தமாகப் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
அர்ஜுனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் காமாரியாவுக்குப் போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்டேன். ரொம்ப நேரம் சிரித்தாள். "அங்கிள், போன வருஷம் முழுக்க உங்களுக்குச் சம்பளமே இல்லையே. சேமநிதிப் பணத்துக்கு வரி கிடையாது. கட்டாத வரியை எப்படித் திருப்பித் தருவாங்க?" என்றாள். ஆகையால் உன் ரசீதை நீயே வைத்துக்கொள். துளசியிடம் சொன்னேன். அவள் தன் சீட்டுப் பணத்தில் லங்காவிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். அவளும் அம்மாவும் வெள்ளிக்கிழமை புறப்படுகிறார்கள். அம்மா நீ கட்டிக் கொடுத்த பல் செட்டைப் போட்டுக்கொண்டு போகிறாள். மற்றது பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.