ரிக்கோடு போனவர்

காளியண்ணன் வீட்டில் கடைசியாகப் போட்ட சண்டை, காரின் நிறத்தைப் பற்றியது.

வெள்ளை வாங்கினால் நம் செம்மண் தடத்தில் நாலே நாளில் காவி கட்டிக்கொள்ளும், சிவப்புதான் சரி என்றார். தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த வசந்தாமணி, சிவப்பு வண்டியில் போனால் எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று ஊரே குடத்தோடு பின்னால் ஓடிவரும் என்றாள்.

"வரட்டுமே. வேடிக்கை பாக்க நாலு பேரு வேணுமில்ல" என்றார்.

நாளைக்குச் சேலம் போய் ஏஜென்சியில் நிறத்தைச் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி, கை கழுவிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். மதியம் மோட்டார் ரூம் வாசலில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

புதிதாக வரப்போகும் அந்தச் சின்னக் காருக்குப் பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து முதலில் பெயர் பதிந்தவர் அவர்தான். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். பேப்பரில் வந்த படத்தைத் தவிர வண்டியை யாரும் பார்த்ததில்லை. அதற்குள் மாட்டுக் கொட்டகையில் பாதியைக் காலி செய்து தரைக்குச் சிமெண்டு பூசிவிட்டார். ஏசி வேண்டாம், காற்று நம் ஊரில் சும்மாதானே வருகிறது என்பார். ரேடியோ மட்டும் வேண்டும்.

கருமாதி முடிந்த வாரம், பங்காளி செங்கோட்டையனின் லாரி ஆபீசுக்குச் சேலம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ஊரில் இருந்த ஒரே போன் அதுதான்.

திருச்செங்கோட்டைச் சுற்றி வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையாவது போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பான். போனால் மாதக்கணக்கு. மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவது. அதனால் யாரைக் கேட்டுப் போன் வந்தாலும் செங்கோட்டையன் வாயில் ஒரே பதில்தான். ஆள் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான்.

"காளியண்ணன் சார் இருக்காருங்களா? அவரு வண்டிக்கு முறை வந்திருச்சுங்க."

"ரிக்கோட ஒரிசா போயிருக்காருங்க" என்று சொல்லிப் போனை வைத்தான். வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

அண்ணன் மனைவியை அவன் நங்கை என்றுதான் கூப்பிடுவான். ஓடிவந்து வாசற்படியில் நின்றுகொண்டு, "நங்கை, பழக்கத்துல சொல்லிப்போட்டேனுங்க" என்றான்.

உடனே திரும்பக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடும்படி வசந்தாமணி சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். ஈரோட்டில் ஒருவர் தன் முறையை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டாராம். அதிலிருந்து கம்பெனி கடுமையாகிவிட்டது. பதிந்தவரே நேரில் வந்தால்தான் வண்டி, இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று லாரிப் பேட்டையில் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணன் இல்லீன்னு சொன்னா வண்டியும் இல்லீங்க" என்றான்.

அதுவரை அந்தக் கார் மேல் வசந்தாமணிக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் ஒரு வருஷமாக அவர் பேசித் தீர்த்த வண்டியில் முகம் தெரியாத யாரோ ஏறிப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. அவர்தான் பார்க்கவில்லை. கொட்டகையாவது பார்க்கட்டும் என்று தோன்றியது.

"சரி தம்பி, ஒரிசாவுலயே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் மறுபடி போன் வந்தது. சார் வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கலாம், ஆனால் நிறம் சொல்ல அவர் சம்சாரமாவது நேரில் வர வேண்டும் என்றார் மேனேஜர்.

வசந்தாமணி கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. புருஷன் உயிரோடு இருக்கிறவள் அந்தக் கோலத்தில் போய் நிற்க முடியாது. செங்கோட்டையனின் மனைவி கமலவேணி தன்னுடைய பச்சைச் சேலையை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொடுத்தாள். ஊர்ப் பஸ்ஸில் வெள்ளையோடு ஏறிய வசந்தாமணி, சேலம் சூரமங்கலத்தில் கமலவேணியின் தங்கை வீட்டில் பச்சைக்கு மாறினாள். கழுத்தில் தாலி இல்லாதது தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். முதலில் வைத்த பொட்டு புருவத்துக்கு வந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

ஏஜென்சியில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். சாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார்.

"அவருக்கு செவப்புத்தானுங்க புடிக்கும். ஏசி வேண்டாம்பாருங்க. ரேடியோ இல்லாம ஆவாதும்பாருங்க."

சொல்லச் சொல்ல அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஊரில் எல்லோரும் அவரைப் 'பாவம், நல்ல மனுசன், இருந்தாரு' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு கண்ணாடி அறையில்தான் அவர் இன்னும் 'இருக்காரு'. தேவையில்லாமல் இன்னும் கொஞ்சம் பேசினாள். சீட் உறையைக்கூட அவருக்குப் பிடித்த மாதிரி சொன்னாள்.

எப்போது திரும்புவார் என்று மேனேஜர் கேட்டார். மழை வந்தால் ரிக்கை நிறுத்திவிட்டு வந்துவிடுவார் என்று சொல்லிவைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மழை மேல் பயம் பிடித்தது. மற்ற வீட்டுப் பெண்கள் வடக்கே மழை பெய்யாதா, ஆள் வீடு வந்து சேராதா என்று ஏங்குவார்கள். வசந்தாமணி சாயங்காலச் செய்தியில் ஒரிசா என்ற பேச்சு வந்தாலே ரேடியோவை அணைத்தாள். ஆனி மாதம் ஒரிசாவில் மழை கொட்டியது. மேனேஜர் வீட்டிலும் ரேடியோ இருந்தது.

"ரிக் வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுங்க" என்றான் செங்கோட்டையன் போனில். அடுத்த முறை, "சேத்துல வழுக்கி அண்ணனுக்குக் காலு முறிஞ்சுபோச்சுங்க" என்றான். மேனேஜர் நல்ல மனிதர். பதறிப்போய், எந்த ஆஸ்பத்திரி, ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். ஆஸ்பத்திரி பெயர் கைவசம் இல்லாததால், அந்தக் கணமே காலைக் குணப்படுத்தி, அண்ணன் வெள்ளிக்கிழமை நேரில் வருவார் என்று சொல்லிவிட்டான்.

"ஏன் தம்பி, யாரு வருவா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"நாந்தானுங்க" என்றான்.

அண்ணனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவரைப் போலவே துண்டைத் தோளில் மடித்துப் போட்டு முற்றத்தில் நடந்து காட்டினான். கமலவேணி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். வசந்தாமணி சிரிக்கவில்லை. அவர் இப்படிக் கையை வீசி நடக்கமாட்டார் என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை வருவதற்குள் அவன் கையைக் கட்டிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தான்.

ஏஜென்சி வாசலில் சிவப்பு வண்டி நின்றது. படத்தில் இருந்ததைவிடச் சின்னது. அவர் முழங்கால் எங்கே மடங்கும் என்று, மறுபடி பச்சைச் சேலையில் வந்திருந்த வசந்தாமணி முன்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே செங்கோட்டையன் வணக்கம் சொன்னான். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்தது.

"ஏனுங்க, நீங்க போன்ல பேசறவருதானே?" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க. நான் தம்பிங்க. அண்ணன் மறுபடியும் ரிக்கோட போயிட்டாருங்க" என்றான், பழக்கத்தில்.

மேனேஜரின் முகம் இறுகிவிட்டது. முறையை யாருக்கோ விற்கப் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காளியண்ணன் நேரில் வராவிட்டால் வண்டி அடுத்த ஆளுக்கு என்றார். செங்கோட்டையன் கெஞ்சிக்கொண்டே அவர் பின்னால் போனான்.

வசந்தாமணி வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் வயதில், ஆட்டையாம்பட்டிக்காரம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அவள் மடியில் புது வண்டியின் சாவி கிடந்தது. அதற்குச் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. வசந்தாமணியின் பச்சைச் சேலையையும் பொட்டையும் ஆசையோடு ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆறுதலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெசனப்படாதீங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரரு உசுரோட இருக்கறதாலதான் இந்த இழுவை. எங்கூட்டுக்காரரு தவறிப்போயிட்டாருன்னு சொன்ன மறுநாளே எம்பேருக்கு மாத்திக் குடுத்துட்டாங்க."