தக்காளி, கத்தரிக்காய், சாயங்கால டாக்டர்

அன்புள்ள சித்திக்கும் சித்தப்பாவுக்கும் வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் காது உட்பட. அதைப் பற்றிக் கீழே வருகிறது. அங்கே நீங்களும் குழந்தைகளும் நலமா என்று போன வாரம் நீங்கள் போன் செய்தபோதே கேட்டிருப்பேன். "ஹலோ, ஹலோ, யாராவது இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். இருந்தேன் சித்தி. வாயைத் திறக்கலாம் என்று மூச்சை இழுத்தேன், அதற்குள் டொக்கென்று சத்தம். அன்றைக்குச் சொல்ல இருந்தது சின்ன விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் எழுத்து என்னை விடவில்லை.

அம்மா சலவைக்கூடத்தில் மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். பிரஷர். மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை நம் தெருக்கோடி சுகாதார நிலையத்தில் சும்மாவே கொடுக்கிறார்கள். ஆனால் அம்மா வேலைக்குப் போன பிறகுதான் அங்கே பூட்டைத் திறப்பார்கள், அம்மா திரும்புவதற்குள் பூட்டிவிடுவார்கள். லீவு கேட்டால் மேஸ்திரி, "மாத்திரை வேணுமா, வேலை வேணுமா?" என்கிறார். அம்மா வேலைதான் வேணும் என்று வந்துவிட்டாள். டப்பா காலியாகிவிட்டது. அம்மாவுக்குக் காலையில் எழுந்ததுமே தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சரி, நானே போய் வாங்கி வருகிறேன் என்று போனேன். நர்ஸம்மா, "யாருக்கும்மா?" என்றார்கள். அம்மாவுக்கு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். நாக்கை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். "ரத்தமே இல்லையே, அதான் பேச்சு வரல" என்று சத்து மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். மறுக்கவும் வாய் வேண்டுமே, அதனால் முழுவதையும் நானே சாப்பிட்டேன். இப்போது நன்றாகப் பசிக்கிறது.

அப்போதுதான் சுகாதார அதிகாரியம்மா பார்வையிட வருகிறார், குறை இருந்தால் நேரில் சொல்லலாம் என்று செய்தி வந்தது. நம் சைக்கிள் கடைக்காரர்தானே குடியிருப்போர் சங்கத் தலைவர், அவர் கடைவாசலில் நின்று, "நான் கேக்குற கேள்வியில அந்தம்மா நாற்காலியோட ஆடணும்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தாலும் அம்மாவைப் பற்றி அவர் எங்கே கேட்கப் போகிறார் என்று எனக்கு உறுத்தியது. நாமே சொல்லிப் பார்ப்போம் என்று துணிந்தேன். அப்பாவின் காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் பதிவாகிக் கூவுவது என் குரல்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத இடத்தில் எனக்குப் பேச்சு அருவி மாதிரி கொட்டும். அந்தக் கருவியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதில் பேசிப் பழகினேன். பிறகு அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி வந்த நாளில் அம்மா மேஸ்திரியிடம் அழுது லீவு வாங்கி வந்தாள். சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை. அதிகாரியம்மா, "சொல்லுங்க, என்ன குறை?" என்று கேட்டார். எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். தலைவர் எழுந்தார், துண்டைச் சரிசெய்தார், "எல்லாம் நல்லா இருக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேறு யாராவது உண்டா என்று அதிகாரியம்மா கேட்டார். அம்மா என் முதுகில் விரலால் குத்தினாள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதிகாரியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே, "தக்காளி, தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய்" என்று கேட்டது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நல்ல வியாபாரம் என்று அப்பா வண்டியை ஜன்னலுக்கு நேராக நிறுத்தியிருந்தார். வெண்டைக்காய்க்குப் பிறகு கோஸ் வர வேண்டும். கோஸ் வரவில்லை.

"மேடம் வணக்கம். இல்ல, வணக்கம் மேடம். நீங்க திறக்கும்போது எங்கம்மா வேலையில இருக்காங்க, எங்கம்மா வரும்போது நீங்க பூட்டிடறீங்க. பிரஷர் இருக்கறவங்கல்லாம் வேலைக்குப் போறவங்கதான் மேடம், போறதாலதான் பிரஷரே வருது. சாயங்காலமும் திறங்க. மாத்திரை இல்லாம எங்கம்மா சுவத்தப் புடிச்சு நடக்கறாங்க, எனக்கு பயமா இருக்கு. தலைவர் இதக் கேக்க மாட்டாரு, அவருக்குக் கடைவாசல்ல மட்டும்தான் பேச்சு வரும். ஐயோ, இத அழிக்கணுமே, எந்த பட்டன்? தக்காளி, தக்காளி..."

நான் உயரம் அளக்கும் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். கம்பம் என்னைவிட ஒல்லி.

அதிகாரியம்மா ஜன்னலுக்குப் போய், "ஐயா, அத நிறுத்துங்க" என்றார். ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக நடந்து அப்பாவின் காது மந்தமானது அதிகாரியம்மாவுக்கு எப்படித் தெரியும்.

"கிலோவா, அரைக்கிலோவாம்மா?" என்றார் அப்பா.

"பேசற பொண்ணு யாருங்க?"

"இன்னிக்கு வந்ததும்மா. அழுகல் ஒண்ணுகூடக் கிடையாது."

அதற்குள் ஒலிபெருக்கி மறுபடியும் தக்காளியில் ஆரம்பித்து, எங்கம்மாவுக்கு வந்து, தலைவர்வரை போனது. இரண்டாவது சுற்றில் ஜனங்களுக்கு வாய் திறந்துவிட்டது. "அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தானே" என்றார் ஆட்டோக்காரர். சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பேசினார்கள், சந்தை மாதிரி ஆகிவிட்டது. டாக்டரே எழுந்து, "காலையில பாதி நேரம் ஈ ஓட்டறேன் மேடம். அந்த நேரத்த சாயங்காலத்துக்கு மாத்தினா எனக்கும் வேலை செஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். "இதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் தலைவர்.

அம்மா கம்பத்தைக் காட்டினாள். "இதுதான் மேடம் அந்தக் கத்தரிக்காய்."

அதிகாரியம்மா என் அருகில் வந்து, "சாயங்காலமும் திறக்க ஏற்பாடு பண்றேன், சரியா?" என்று சொல்லித் திரும்பினார். ஏற்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவின் காலி டப்பா கண்ணில் வந்தது. "எப்போ?" என்றேன். என் சொந்த வாயால், கருவி இல்லாமல். அறையே என் பக்கம் திரும்பியது. அவர் கொஞ்சம் யோசித்தார். "திங்கக்கிழமைலேர்ந்து" என்றார்.

திங்கட்கிழமை திறந்தார்கள் சித்தி. விளக்கு போட்டு, வெளியே பெஞ்சு போட்டு, புதுப் பலகை எழுதி மாட்டித் திறந்தார்கள். அம்மா வேலை முடிந்து ஈரக்கையோடு நேராகப் போய் மாத்திரை வாங்கி வந்தாள். இப்போது பிரஷர் இறங்கிவிட்டது, சுவரைப் பிடிப்பதில்லை, பழையபடி என்னைத் திட்டுகிறாள். அப்பாவின் காதையும் காட்டினோம். கழுவியதில் அழுக்கு மட்டும் ஒரு கைப்பிடி. அடுத்த நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டவர் திடுக்கிட்டு நின்று, "யாரு இப்படிக் கத்தறது?" என்று கேட்டார். நர்ஸம்மா, "அடுத்தவங்க உள்ள வாங்க" என்பதை என் குரலில் பதிவு செய்து தரச் சொன்னார்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை தேய்கிறதாம். செய்து கொடுத்தேன். தலைவர் என்னைக் கண்டால் சைக்கிளில் மணி அடிக்கிறார். மரியாதையா கோபமா என்று தெரியவில்லை.

ஆகவே சித்தி, வாயில்லாப் பூச்சி என்று நீங்கள் எனக்கு வைத்த பெயரை இந்தக் கடிதம் கண்டவுடன் திரும்பப் பெற்றுக்கொள்ளவும். இனி யார் முன்னாலும், எந்த அதிகாரி முன்னாலும், நான் பேசுவேன். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு முத்தங்களையும், சித்தப்பாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொள்ளும்படி என் கட்டளையையும் சொல்லவும்.

உங்கள் அன்பு மகள்.

பின்குறிப்பு: இதைப் படித்ததும் சந்தோஷத்தில் உடனே போன் செய்வீர்கள், எனக்குத் தெரியும். எடுப்பது நான்தான். பதிலை இப்போதே கருவியில் பேசி வைத்துவிட்டேன், போனை அதன் குழாயருகில் பிடிப்பேன். நீங்கள் ஹலோ சொன்னதும் தக்காளி, கத்தரிக்காய் என்று கேட்கும். தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். காய்கறி முடிந்ததும் நான் வருவேன்.