ஓட்டிக் காட்டியே விற்கப்படும்

கயிறு முழுசாக வெளியே வந்தது. சத்தம்தான் வரவில்லை.

"இன்னொரு தடவை இழு டிகிரி," என்றார் முதலாளி, கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே.

டிகிரி இழுத்தாள். செயின் ரம்பம் ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி 'க்ளுக்' என்றது. அத்தோடு சரி.

டிகிரி என்பது அவள் பெயரல்ல. அந்தத் தோட்டக் கருவிக் கடையில் காலேஜ் வாசலை மிதித்த ஒரே ஆள் என்பதால் முதலாளி வைத்த பட்டம். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள். தாவரவியல். மரம் எப்படி வளர்கிறது என்று உருப்போட்டுப் பாஸ் செய்துவிட்டு, அதை அறுக்கிற மெஷினை விற்க வந்திருந்தாள். நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றும். கடித்துக்கொண்டேதான் இத்தனை நாள் வேலை பார்த்தாள்.

அன்றோடு அவளுடைய தற்காலிகம் முடிகிறது. முதலாளி கடையைத் திறக்கும்போதே சொல்லிவிட்டார்: "அந்தச் செயின் ரம்பத்தை இன்னிக்கு வித்துக் காட்டு, உன்னை நிரந்தரமாக்கறேன். இல்லேன்னா நாளைலேர்ந்து என் மச்சினன் பையன் வர்றான்."

"அவனுக்கு மெஷினைப் பத்தி என்ன சார் தெரியும்?"

"என்னைத் தெரியும்," என்றார் முதலாளி.

அந்த ரம்பம் போன வருஷம் முழுக்கக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்து, 'அடேங்கப்பா' என்று சொல்லிவிட்டு, மண்வெட்டிக் காம்பு வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்கு அதிசயமாக, துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு அக்கா வந்து, நேராக அலமாரியைக் கை காட்டினார்.

"இதான். எங்க வீட்டுக்காரர் இது வேணும் இது வேணும்னு உயிரை எடுக்கிறார். வாங்கிக் குடுத்து வாயை அடைச்சுடலாம்னு வந்தேன். எடுத்துக் கட்டிக் குடுங்க."

அப்படியே கட்டிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கடையின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: 'ஓட்டிக் காட்டியே விற்கப்படும்.' முதலாளி இந்த உலகத்தில் மதிக்கிற ஒரே எழுத்து அதுதான். அதனால்தான் டிகிரி ரம்பத்தின் பின்பிடியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை இழு இழு என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், டேங்க்ல இருக்கிறது போன வருஷத்துப் பெட்ரோல். அதைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தினாத்தான் சரிவரும்."

"பெட்ரோல் என்ன பாலா, கெட்டுப் போறதுக்கு? சோக்கை நல்லா இழுத்துட்டு இழு."

சோக்கை இழுத்துவிட்டு இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ரம்பத்தின் வயிற்றுப் பக்கமிருந்து பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. கடை முழுக்க வாடை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா இதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

"சேச்சே! இன்னிக்குத்தான்மா இப்படி," என்றார் முதலாளி.

"பரவாயில்ல, இதையே கட்டிக் குடுத்துடுங்க."

முதலாளி டிகிரியின் காதோடு சொன்னார்: "பாத்தியா, எப்படிக் குத்திக் காட்டுறாங்க! நம்ம மானம் போகுது. இதை ஓட்டிக் காட்டாம அனுப்பக் கூடாது."

வாடை பிடித்துக்கொண்டு பக்கத்து டைல்ஸ் கடைக்காரர் வந்து சேர்ந்தார். யார் கடையில் எது பழுதானாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"மெக்கானிக் எங்கண்ணே?"

"சம்பளம் கேட்டான். ஏன் கேக்கறேன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ ரிப்பேர்னா வீட்டுக்கு வந்து பாக்க ஆள் கிடையாதா?"

"அது வந்து..."

"இந்த மாடலுக்கு வேற யாருக்காவது ரிப்பேர் தெரியுமா?"

"இந்த ஊர்லயே யாருக்கும் தெரியாதும்மா," என்றார் டைல்ஸ்கடைக்காரர் பெருமையாக.

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. என்ன ஒரு நக்கல் பிடித்த பொம்பளை என்று டிகிரி நினைத்துக்கொண்டாள்.

டைல்ஸ்கடைக்காரர் ரம்பத்தை மேஜைமேல் தூக்கி வைத்தார். "பெட்ரோல் குடிச்சு முழுகிப் போச்சுண்ணே. பிளக்கைக் கழட்டிட்டு இழுத்தா உள்ள இருக்கிறது வெளிய வந்துடும்."

அதுவரை அவர் சொன்னது சரி. பிளக்கையும் சரியாகத்தான் கழற்றினார்.

"உள்ள ஈரமா இருக்கான்னு குனிஞ்சு பாருங்கண்ணே," என்று சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தார்.

முதலாளி குனிந்து பார்த்தார். உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்கப் பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் மீசையிலும் வெள்ளைச் சட்டையிலும் உட்கார்ந்தது.

"ஈரமாத்தான் இருக்கா?" என்றார் டைல்ஸ்கடைக்காரர்.

முதலாளி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும்.

"சார், இன்னிக்கு நீங்க சிகரெட் பக்கமே போகாதீங்க," என்றாள் டிகிரி. "நான் அப்பவே சொன்னேன், பெட்ரோலை..."

"நீ சும்மா இரும்மா," என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அலமாரியில் தூசி தட்டித் தட்டி அலுத்துப்போய், அந்த மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தை அவள் பாடமாகப் படித்து வைத்திருந்தாள். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு பெண் சொல்வதைக் கேட்பதைவிடப் பெட்ரோலில் குளிப்பது கௌரவம் என்று நினைக்கிற ஜாதி, ஆம்பிளை ஜாதி.

பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, டைல்ஸ்கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "கார்புரேட்டர்ல மூணு ஸ்க்ரூ இருக்கு. எது எதுக்குன்னு தெரியல. மூணையும் திருகிட்டா ஏதோ ஒண்ணாவது சரியா அமைஞ்சுடும்."

"முன்னாடி எங்க இருந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் டிகிரி.

"எல்லாம் கை சொல்லும்மா."

கை என்ன சொன்னதோ, மூன்றையும் இஷ்டத்துக்குத் திருகினார். பிறகு, செயின் ஓடாமல் பிடித்து வைத்திருந்த பிரேக்கையும், இடைஞ்சலாக இருக்கிறது என்று பின்னால் தள்ளி விடுவித்தார். கயிற்றை ஓங்கி இழுத்தார்.

ரம்பம் பிடித்துக்கொண்டது.

பிடித்ததும் சாதாரணமாகப் பிடிக்கவில்லை. யாரும் வேக விசையைத் தொடாமலே வீறிட்டுக் கத்தியது. செயின் தானாகச் சுற்ற, மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகரத் தொடங்கியது. டைல்ஸ்கடைக்காரர் உர மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்தார். "நிறுத்துங்கய்யா!" என்று கத்திக்கொண்டே முதலாளி நாற்காலிமேல் ஏறினார். ரம்பம் நிதானமாக மேஜை ஓரம்வரை போய், குழாயில் மாட்டித் தண்ணீர் அடித்துக் காட்டுவதற்காக வைத்திருந்த ரப்பர் ஹோஸைக் கடித்தது. ஹோஸ் இரண்டானது. தண்ணீர் நாலாபக்கமும் பீறிட்டது. நாற்காலிமேல் நின்ற முதலாளிக்கு ஏற்கனவே பட்ட பெட்ரோலாவது கொஞ்சம் கழுவிப் போனது.

டிகிரி பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். அப்புறம் குழாயை மூடினாள்.

சத்தம் கேட்டவுடன் அக்கா எழுந்து, முகம் வெளுக்க, துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார். ரம்பம் அடங்கியதும் திரும்பிப் பார்த்தார். "செத்துப் போச்சா?"

"இன்னும் ஒரே நிமிஷம் அக்கா, போயிடாதீங்க!" என்று கெஞ்சினாள் டிகிரி.

டைல்ஸ்கடைக்காரர் மூட்டைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்ப இழுத்தார். ம்ஹூம்.

அக்கா மெதுவாக உள்ளே வந்து பழையபடி உட்கார்ந்தார். "நல்ல மெஷின்," என்றார்.

அந்த வார்த்தை டிகிரிக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்கு மச்சினன் பையன் வந்து, இதே கல்லா பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்காரப் போகிறான். அவளோ வீட்டில் போய், படிக்க வைத்த அப்பாவிடம், 'வேலை போச்சுப்பா' என்று சொல்ல வேண்டும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் கொடுமை.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க," என்றாள்.

"என்னது?" என்றார் முதலாளி.

"மச்சினன் பையன் நாளைக்குத்தானே வர்றான்? இன்னிக்கு நான்தான் வேலைக்காரி. தள்ளுங்க சார்."

மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட முதலாளி தள்ளி நின்றார். ஈரச் சட்டையோடு அதிகாரம் பண்ணுவது யாருக்கும் கஷ்டம்.

டிகிரி ரம்பத்தைக் கடைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பழைய பெட்ரோலை ஒரு கேனில் வடித்தாள். வார்னிஷ் மாதிரி மஞ்சளாக வந்தது. புதுப் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயிலை அளந்து கலந்து ஊற்றினாள். ஏர் ஃபில்டரைத் தட்டினாள். பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினாள்.

அக்கா பின்னாலேயே வந்து நின்றார். குரலில் ஒரு பதற்றம். "ஏம்மா இவ்வளவு கஷ்டப்படறே? விட்டுடேன். நான்தான் அப்படியே எடுத்துக்கறேங்கறேனே."

"உங்களை ஏமாத்தி அனுப்ப மாட்டேன் அக்கா. ஓடாத மெஷினை உங்க தலைல கட்டி எனக்கு ஒரு வேலை வேண்டாம்."

"நான் ஒண்ணும் குறை சொல்லலையேம்மா..."

"உங்க நல்ல மனசு. ஆனா கடைன்னா ஒரு நியாயம் வேணும்."

அக்கா வாயைத் திறந்தார். முதலாளியும் டைல்ஸ்கடைக்காரரும் பின்னால் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

டிகிரி கார்புரேட்டர் பக்கம் குனிந்தாள். வேகத்துக்கான இரண்டு ஸ்க்ரூவையும் நோகாமல் உள்ளே திருகி, புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒரு சுற்று வெளியே எடுத்தாள். பிரேக்கைப் போட்டாள். சோக், ஒரு இழுப்பு, ஒரு செருமல். சோக்கைத் தள்ளிவிட்டு மறுபடி இழுத்தாள். பிடித்தது. கொஞ்சம் சூடாகட்டும் என்று விட்டுவிட்டு, விசையை அழுத்தினால் திணறாத அளவுக்கு முதல் ஸ்க்ரூவையும், முழு வேகத்தில் கீச்சிடாத அளவுக்கு அடுத்ததையும் வைத்தாள். பிரேக்கை விடுவித்து, விசையைத் தொடாதபோது செயின் அசையாமல் நிற்கும்வரை கடைசி ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். இப்போது அது சாப்பிட்டுவிட்டுப் படுத்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிடந்தது.

அணைத்தாள். ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது. மறுபடி அணைத்தாள். ஒரே இழுப்பு. அங்கே கிடந்த தடிமனான கட்டையில் வைத்தாள். கட்டை சோப்பு மாதிரி இரண்டாக விழுந்தது.

"நான் திருகின ஸ்க்ரூதான் கடைசில வேலை செஞ்சிருக்கு," என்றார் டைல்ஸ்கடைக்காரர்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களாம்மா! சின்னக் குழந்தை இழுத்தாக்கூட ஓடும்! எப்பேர்ப்பட்ட மரமா இருந்தாலும் ஒரு வேளைக்குள்ள தரைமட்டம்! டிகிரி, பில்லைப் போடு. பணம் கல்லாவுல விழட்டும், அந்த நிமிஷத்துலேர்ந்து நீ நிரந்தரம்!"

டிகிரி ரம்பத்தை அணைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெற்றியோடு அக்காவைப் பார்த்தாள்.

அக்கா இரண்டாகக் கிடந்த கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னக்கா? இப்பத்தான் சரியாயிடுச்சே. பிடிக்கலையா?"

அக்கா அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"அவருக்கு மெஷின் வேணும் கண்ணு, எனக்கு எங்க வாசல்ல நிக்கிற மரம் வேணும், காலைல இருந்த மாதிரியே கெடுத்துக் குடு, இப்பவே வாங்கிக்கறேன்."