கிரேக்க ஆமையும் எங்கள் உப்புப் பாத்தியும்

"நம்மூரு காசே நம்ம கையில நிக்க மாட்டேங்குது. இவ வெளிநாட்டுப் பழங்காசைப் படிக்கிறாளாம்" என்றார் மாமா. அப்பாவும் அவரும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிரில் அவர் முன்னாலேயே புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். (திமிர் இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.)

2005-இல் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் நடக்கும் நாணயப் பயிற்சியில் எங்கள் வகுப்புக்கு ஒரே ஓர் இடம்; அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை. ஃபிலிம் டப்பாவில் பஞ்சு சுற்றிய ஐந்து கிரேக்க வெள்ளிக் காசுகளைப் பேராசிரியை என்னிடம் தந்தார். "பத்திரம். காசுல இருக்குற எந்த மிருகம் எந்த ஊரோட அடையாளம்னு திங்கட்கிழமை சொல்லணும்."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் கடைவிரித்தேன். ஏதென்ஸ் ஆந்தையைப் பார்த்தால் அபசகுனம் என்பாள் என்று, அதைக் கிளி என்று சொல்லி வைத்தேன். என் சாமர்த்தியம் அதோடு தீர்ந்தது.

"இது இன்னாடி?"

"ஆமைம்மா. ஏஜினா தீவோட அடையாளம்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். காலையில் டப்பாவில் நான்கு காசுகள்தான் இருந்தன.

"ஆமையை வூட்டுக்குள்ள கொண்டாந்தா வூடு உருப்புடுமா? உப்புப் பாத்தியில வீசிட்டேன்" என்றாள் அம்மா.

இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பிழைத்த காசு, எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தாங்கவில்லை. அப்பா பாத்தியில் இறங்கினார். "எவ்ளோ பெருசு இருக்கும்?" "எட்டணா மாதிரிப்பா." இரண்டு நாள் துழாவினோம். பார்த்த இடமெல்லாம் வெள்ளியாக மின்னியது. அத்தனையும் உப்பு. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டாலே, கிரேக்க அரசாங்கம் வந்துவிட்டது என்று வரப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பேராசிரியை முன்னால் அழுதபடி நின்றேன்.

"எந்தக் காசு தொலைஞ்சுது?"

"ஆமை மேடம்."

"கடலாமையா, நிலத்து ஆமையா?"

"கடலாமை மேடம். காலு துடுப்பு மாதிரி இருந்துச்சு. வழவழன்னு ஓடு, நடு முதுகுல ஒரு வரிசை புள்ளி." கரை ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அவர் சிரித்தார். "அது ஈயத்துல வார்த்த நகல்மா. நிஜக் காசை ஃபிலிம் டப்பாவுல போட்டுக் குடுப்பேனா?" பிறகு இன்னொரு காசை நீட்டினார். "சரி, இது?"

உயிர் திரும்பிய அவசரத்தில், அம்மாவிடம் சொல்லி வைத்ததே வாயில் வந்தது. "கிளி மேடம்" என்றேன்.

இடம் வேறொருத்திக்குப் போனது. வீட்டில் இதைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மாமாவுக்கு நான் 'ஏதென்ஸ் கிளி'.

இந்த வருடம் நாணயவியல் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒட்டும் முன் அம்மா உறையை வாங்கி, தலைகீழாக உதறிப் பார்த்தாள். ஆமை எதுவும் விழவில்லை. நேற்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.